இரண்டு துரு

புத்தம் புது வண்டி.
இருக்கையின் பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை.
"முப்பது வருஷம் மழையில் நின்ற மாதிரி வேண்டும்"
என்றான் டோபியாஷ்,
போன மாதம்வரை வங்கிக்கு மென்பொருள் எழுதியவன்.

நான் நாடகத்துக்குத் திரை தீட்டுகிறவள்.
இரண்டு வாளி இருந்தால் ஒரு கோட்டை,
மூன்றாவது வாளியில் அதன் சிறை.
கோடையில் அரங்கை மூடிவிட்டால்
வார்சாவில் வாடகை
இப்படித்தான் கட்ட வேண்டியிருக்கிறது.

துருவுக்கு ஒரு நடை உண்டு.
திருகாணியின் அடியில் கிளம்பும்.
தண்ணீர் வழிந்த தடத்தில் இறங்கும்.
கதவின் கீழ்விளிம்பில் தங்கி
நிதானமாகத் தின்னும்.
செங்காவி, கரி, பசை,
சொரசொரப்புக்கு லவங்கப்பட்டைத் தூள்
(அவர்கள் அலமாரியிலிருந்தே எடுத்தது).
பஞ்சால் ஒற்றி ஒற்றி
மூன்று நாளில் முப்பது வருஷம்.

கலீனா பலகை எழுதினாள்:
"1978 முதல்."
அவள் பிறந்தது தொண்ணூற்று நான்கில்.
எழுபத்தெட்டில் என்ன நடந்தது என்று கேட்டேன்.
சாக்கட்டியை ஊதிவிட்டுச் சொன்னாள்:
"என்னவோ நடந்திருக்கும்."

விற்பது ஸபியேகாங்கா.
நீள ரொட்டியைப் பிளந்து
காளான் வதக்கிப் பரப்பி
சீஸ் துருவிப் போட்டு வாட்டி
மேலே தக்காளி சாஸ் ஒரு நெளிகோடு. அவ்வளவுதான்.
கடைசி ரயிலை விட்டவர்கள்
கால் மாற்றிக் கால் மாற்றி நின்று தின்ன
நிலைய வாசலில் பிறந்த பண்டம்.
இங்கே காளானுக்குக் காட்டின் பெயர் உண்டு,
சீஸுக்கு மாட்டின் பெயர்.
சாஸ் இப்போது சாஸ் இல்லை,
"தக்காளியின் நினைவு."
சுற்றித் தரும் பழைய செய்தித்தாள்
சென்ற செவ்வாய் அச்சானது.
நாற்பத்திரண்டு ஸ்லோட்டி.
நாற்காலி கிடையாது;
நிற்பதற்கும் சேர்த்துத்தான் விலை.

திறப்பு நாளில்
வரிசை டிராம் பணிமனையைச் சுற்றி வளைந்தது.
எனக்கு முன்னால் ஸெனோன்,
பன்னிரண்டாம் தடத்து ஓட்டுநர், சீருடையோடு.
"சர்க்கரைக்கு நின்றேன், செருப்புக்கு நின்றேன்,
அப்போதெல்லாம் என் முறை வரும்போது
சரக்கு தீர்ந்துவிடும்.
இங்கே பார், தீர்ந்துவிடும் தீர்ந்துவிடும் என்று
ஒலிபெருக்கி வைத்துச் சொல்கிறார்கள்,
கூட்டம் கைதட்டுகிறது."
சொன்னாரே தவிர
இடத்தை விடவில்லை.

நானும் சிரிப்பதற்கென்றே நின்றேன்.
சொல்லவேண்டியவற்றை அடுக்கி வைத்திருந்தேன்.
முதல் கடி.
கருகிய ஓரம் நொறுங்கி
உள்ளிருந்து காளானின் கறுப்புச் சாறு,
சீஸ் ஒரு நூலாய்
மோவாயில் தொங்கி ஊசலாட
நரம்பில்லாத நாக்கு
நின்ற நிலையில் கட்சி மாறியது.
இன்னொன்று வாங்கினேன்.
எண்பத்து நான்கு ஸ்லோட்டி.
கதவு விளிம்பில் நான் தீட்டிய துருவின் கூலி
ஏறக்குறைய அதுதான்.

பனி போய் மார்ச்சில்
டோபியாஷ் தொலைபேசினான், பதறி:
"துரு பிடித்துவிட்டது."
எந்தத் துரு என்றேன்.
"வந்து பார்."

இடப்பக்கச் சக்கரத்துக்கு மேலே
படை மாதிரி, ஆரஞ்சாய்ப் பொருக்குத் தட்டி,
நடையும் இல்லை, தடமும் இல்லை.
சாலையில் கொட்டிய உப்பு
நாலு மாதத்தில் செய்த வேலை.
"பார்க்க நிஜம் மாதிரியே இல்லை" என்றான்.
நியாயம்தான். மேடையில் இதை வைத்தால்
இயக்குநர் திருப்பி அனுப்புவார்.

சுரண்டினேன். தேய்த்தேன்.
உலோகம் வெள்ளையாய் வெளிவந்ததும்
காப்புப் பூச்சடித்து, காயவிட்டு,
அதன்மேல்
என் துருவைத் தீட்டினேன்.

கலீனா ஜன்னல்வழியாக ஒன்றை நீட்டினாள்,
கணக்கில் எழுதாமல்.
கை கழுவத் தண்ணீர் கேட்க
வெட்கமாக இருந்தது, பசியும் இருந்தது.
தின்று முடித்து விரல்களைச் சூப்பும்போது
ஒரு விரலில் இரும்பு கசந்தது.
பக்கத்து விரல்
லேசாக இனித்தது.